வளவுக்குள் ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் என்றால்

மட்டக்களப்பில் வீடு வளவு மகளுக்குத்தான். கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகையால் தாய், அக்கா, தங்கச்சி என்று எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால் ஆளுக்குப் பஞ்சமில்லை. யார் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொள்ளாததால்தான் சிக்கல் வருகிறது.

கிளினிக்குக் கூடப்போவது ஒரே ஆளாக இருக்கட்டும். கிளினிக் கொப்பி, சதைப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் எல்லாம் அவர் கையில் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். சிலருக்கு முதலில் சத்திரசிகிச்சை. சிலருக்குக் கட்டியைச் சுருக்க முதலில் கீமோ. கட்டியின் அளவையும் வகையையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பது அது. அடுத்த ஊர்க்காரிக்கு நடந்ததை வைத்து இங்கே கணக்குப் போட வேண்டாம்.

கீமோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும். வீட்டார் மிகவும் கவனிக்க வேண்டியது காய்ச்சலை. மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது சின்னக் கிருமித்தொற்றுகூட உயிருக்கு ஆபத்து. வெப்பமானி 38 பாகை செல்சியஸ் காட்டினால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் பகலில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், வந்துவிடலாம். நடுச்சாமத்தில் 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் சுற்றித்தான் வர வேண்டும். எந்த ஓட்டோ, யாருடைய நம்பர் என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

சாப்பாட்டில் பெரியம்மாமாரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டிவரும். இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று ஒதுக்கி, வெறும் கஞ்சியும் ரசமுமாகக் கொடுப்பார்கள். அன்பால் செய்வதுதான், ஆனாலும் உடம்பு தேறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லையென்றால் நன்றாக வேகவைத்த வாவி மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் தோள் இறுகும். வைத்தியர் சொன்ன நாளிலிருந்து சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டுபோல மேலே நகர்த்தச் சொல்லுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த கிழமை கோடு மேலே போகும். பேரப்பிள்ளைகள் கோடு போட ஓடிவருவார்கள்.

கதிர்ச்சிகிச்சை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே உண்டு, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. மெஷினில் இருப்பது சில நிமிடம்தான். ஆனால் கிழமைக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து கிழமை வரை போய்வர வேண்டும். அலைச்சலே களைப்பைக் கூட்டிவிடும். இந்தப் பயணத்தைக் கணவரிடம் கொடுங்கள். மனைவியின் உறவுக்கு நடுவே வாழும் மனிதர், 'பெண்கள் விஷயம்' என்று திண்ணையில் ஒதுங்கியே நின்றுவிடுகிறார். அவருக்கும் பயம் இருக்கிறது, ஒரு வேலையும் வேண்டும்.

ஹோர்மோனால் வளரும் வகையென்றால் எல்லாம் முடிந்தபிறகும் ஐந்து முதல் பத்து வருடம் தினமும் மாத்திரை. கொட்டிய முடி வளர்ந்து, விசாரிக்க வருவோரும் நின்றுபோகும் இந்தக் காலத்தில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

கூடநின்ற அக்கா தங்கச்சிமாரும் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து பத்துப் பேருக்குத்தான். என்றாலும் நெருங்கிய உறவில் ஒருத்திக்கு வந்திருந்தால் சுகவனிதையர் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். இங்கே குடி என்கிற குலம் தாய்வழி வருகிறது. ஆனால் பரம்பரைப் புற்றுநோய்க்கான மரபணு தகப்பன் வழியாகவும் வரும். தகப்பனின் அக்கா தங்கச்சிமாரான மாமிமாரையும் கேட்டுப் பாருங்கள்.