மாவு ஆலையில் எழுந்த வினா

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரையொட்டி, காற்றால் சுழலும் மாவு ஆலை ஒன்று இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கோதுமை அரைத்த ஒருவர், மின்னியல் பற்றித் தமக்கு எழுந்த வினாக்களுக்குக் கணிதத்தின் வழியே விடை தேடினார். அவர்தாம் ஜார்ஜ் கிரீன்.

1793ஆம் ஆண்டு பிறந்த கிரீன், ரொட்டி வணிகர் ஒருவரின் மகன். எட்டாம் அகவையில் பள்ளியில் சேர்ந்த அவர், ஏறத்தாழ ஓராண்டே பயின்றார். பின்னர்த் தந்தையின் தொழிலுக்குத் துணைநின்றார். எனினும் கற்றலை அவர் கைவிடவில்லை. 1823இல் நகரின் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். லாப்லாஸ், புவாசோன் முதலிய பிரெஞ்சு அறிஞர்களின் ஆய்வுகளை அவர் எத்துணை ஆழமாகக் கற்றார் என்பதற்கு அவர் எழுதிய நூலே சான்று.

அவர் எழுப்பிய வினா யாது? ஒரு பரப்பில் மின்னூட்டம் பலவாறு பரவியிருக்கும்போது, சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் அதனால் விளையும் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது எங்ஙனம்? அவர் கண்ட வழியை ஓர் உவமையால் விளக்கலாம். அமைதியான குளத்தில் ஒரு கல்லை இட்டால் எழும் அலையை அறிவது எளிது. கைநிறையக் கற்களை வீசினாலோ அலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆயினும், ஒவ்வொரு கல்லும் எழுப்பும் அலையைத் தனித்தனியே அறிந்து கூட்டினால், குளம் முழுவதன் நிலையும் புலப்படும். இவ்வாறே, ஒரு புள்ளியிலுள்ள மூலத்தின் விளைவை முதலில் கண்டு, அதனைக் கொண்டு முழு விளைவையும் பெறலாம். அந்த ஒற்றைப் புள்ளியின் விளைவைக் குறிக்கும் கணிதக் கோவையே இன்று 'கிரீன் சார்பு' எனப்படுகிறது.

இக்கருத்துகள் அடங்கிய நூலை 1828இல் கிரீன் வெளியிட்டார். முன்பதிவு செய்து அதனைப் பெற்றோர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. அவர்களுள் ஒருவரான எட்வர்டு பிரம்ஹெட், கிரீனின் ஆய்வுகளை அறிஞர் அவைக்குக் கொண்டுசெல்ல உதவுவதாக மடல் எழுதினார். அது வெறும் மரியாதைச் சொல் என்று பிறர் கூறக்கேட்ட கிரீன், இரண்டு ஆண்டுகளுக்கு அண்மையான காலம் மறுமொழி எழுதாதிருந்தார். பின்னர் அவர் எழுதிய மடலே அவருக்கு அறிவுலகின் கதவைத் திறந்தது. 1833இல், நாற்பதாம் அகவையில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவரானார்.

1841இல் கிரீன் மறைந்தபோது அவருடைய முதல் நூலை அறிந்தோர் மிகச் சிலரே. 1845இல் வில்லியம் தாம்சன் அந்நூலின் படியைப் பெற்றுப் பாரிசு நகர அறிஞர்களிடம் காட்டினார். பின்னர் ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் மறுபதிப்பும் செய்வித்தார். நூறாண்டு கடந்தபின் ஷ்விங்கர், ஃபைன்மேன் முதலியோர், மின்னணுவும் ஒளியும் ஒன்றோடொன்று வினைபுரிவதை விளக்கும் குவாண்டம் கோட்பாட்டில் கிரீனின் முறையைக் கையாண்டனர். ஓரிடத்திலுள்ள துகள் மற்றோரிடத்தை அடைவதைக் கணக்கிட அம்முறையே அவர்களுக்குக் கருவியாயிற்று.

தாமே கற்பவருக்கு வழிகாட்டி அமையாதிருக்கலாம்; வினா எழுப்பும் உரிமை அவருக்கும் உண்டு. எழுந்த வினாவை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைக்காமல், அறிந்தோர்முன் வைக்கும் துணிவும் கற்றலின் ஒரு பகுதியே. கிரீன் தயங்கிய ஆண்டுகளும், இறுதியில் எழுதிய மடலும் உணர்த்துவது இதுவே.