35 நாள் ‘கரண்ட்’

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராண்டாக்களில் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் ‘கரண்ட்’ என்றுதான் பெயர். “கரண்டு வைக்கச் சொல்லியிருக்காங்க” என்றால் புற்றுநோய்க் கட்டிமேல் கதிர் பாய்ச்சப் போகிறார்கள் என்று அர்த்தம். பெயரைக் கேட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறைய. ஷாக் எதுவும் அடிப்பதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்புக்கு எதுவும் தெரியாததைப் போலவே இதிலும் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. புண்ணும் எரிச்சலும் வருவது சில வாரம் கழித்து.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சையே முதன்மைச் சிகிச்சையாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு 66 முதல் 70 கிரே. கிரே என்பது உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரை அளக்கும் அலகு. நாளைக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை. ஆக, 33 முதல் 35 நாள். ஏறக்குறைய ஏழு வாரம். மார்பகப் புற்றுநோய்க்கு இப்போது பல இடங்களில் 15 நாளில் முடித்துவிடுகிறார்கள். எலும்பில் பரவிய புற்றின் வலியைக் குறைக்க ஒரே ஒரு நாள் 8 கிரே கொடுப்பதும் உண்டு.

இத்தனை நாள் இழுப்பது எதற்கு, ஒரே நாளில் கொடுத்துவிடக் கூடாதா என்று கேட்காத குடும்பம் இல்லை. அதற்கான விடை ஆட்டுக்கடாவிடமிருந்து வந்தது. 1920-களில் பாரிஸில் கிளாடியுஸ் ரெகோ என்ற விஞ்ஞானி கடாக்களின் விரையில் கதிரைச் செலுத்திப் பார்த்தார். விந்து உற்பத்தி நிற்கும் அளவுக்கு ஒரே மூச்சில் கொடுத்தால் மேல்தோல் வெந்துபோயிற்று. நாள்கணக்கில் பிரித்துக் கொடுத்தபோது உற்பத்தி நின்றது, தோல் பிழைத்துக்கொண்டது. விந்தை உண்டாக்கும் செல்கள் புற்றுச் செல்களைப் போல இடைவிடாமல் பெருகுகிறவை. அவை அடிமேல் அடி தாங்காது. நல்ல திசுவோ இரண்டு அடிகளுக்கு நடுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதே முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குக் கொண்டுவந்தவர் ஆன்ரி கூத்தார். இன்றைய தினசரி வரிசைக்கு ஆதாரம் இதுதான்.

வாய், தொண்டைப் புற்றுநோய் என்றால் முதல் நாளுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் முதலில் எடுத்துவிட்டு, ஈறு ஆறும்வரை காத்திருக்கிறார்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் பின்னால் பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே அழுகிவிடக்கூடும். அடுத்தது மாஸ்க். துளைகள் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டதும் துணிபோலத் துவள்கிறது. அதை முகத்தின்மேல் இழுத்துப் படியவைத்தால் ஈரத்துண்டு போட்டதுபோல் வெதுவெதுப்பாக இருக்கும். சில நிமிடத்தில் மூக்கும் முகவாயும் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். மாஸ்க்கோடு படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து, கட்டி எது, காப்பாற்ற வேண்டிய உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் எங்கே என்று டாக்டர் ஒவ்வொரு படத்திலும் வரைகிறார். எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவது மருத்துவ இயற்பியலாளர். நோயாளி பெரும்பாலும் பார்த்திராத இந்த மனிதரை நம்பித்தான் மொத்தச் சிகிச்சையும் நிற்கிறது. “ஸ்கேன் எடுத்து இத்தனை நாளாச்சு, இன்னும் கூப்பிடலையே” என்று வீட்டார் தவிக்கும் நாட்களில் நடப்பது இந்தக் கணக்குதான்.

காலையில் முதல் நோயாளி உள்ளே போவதற்கு முன் மெஷினுக்குப் பரிசோதனை: கதிரின் அளவு சரியா, லேசர் கோடுகள் உரிய இடத்தில் விழுகின்றனவா. பிறகு பெயர் கூப்பிடுகிறார்கள். வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கருப்பைவாய், புராஸ்டேட் நோயாளிகள். சிறுநீர் கழித்துவிட்டு, அளந்து தண்ணீர் குடித்து, அரைமணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து விலகும். முறை தள்ளிப்போகும் நாளில் அவர்கள் படும் பாடு தனி.

உள்ளே கட்டில் பலகைபோலக் கெட்டி. வாய், தொண்டை நோயாளிக்கு மாஸ்க்கை வைத்து ‘டக் டக்’கென்று ஓரங்களைப் பலகையில் பூட்டியதும் தலை அசையாது. வாயைத் திறக்க முடியாது. துளை வழியாக மூச்சு விடலாம். மூச்சுமுட்டும் பயம் சிலருக்கு முதல் வாரம் முழுக்க இருக்கும். டெக்னீஷியன்கள் கட்டிலை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, மாஸ்க்மேல் போட்ட கோடுகளை லேசர் கோடுகளோடு சேர்த்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு சாத்தப்படும். கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு ஓடிவருவார்கள். மெஷினின் தலை உடம்பைச் சுற்றி வர, ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். கதிர் பாய்வது சில நிமிடமே. படுத்து எழ மொத்தம் கால்மணி நேரம் ஆகலாம்.

வெளியே வந்த பிறகு உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. மெஷினிலிருந்து வரும் கதிர், விளக்கை அணைத்ததும் போகும் வெளிச்சம் மாதிரி. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தைராய்டு புற்றுக்குக் குடிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மருந்தின் கதை வேறு; அதற்குத்தான் தனியறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டிலேயே நோயாளியை ஒதுக்கிவைப்பது அறியாமையால் செய்யும் கொடுமை.

முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் தெரியாது. “இவ்வளவுதானா கரண்ட்டு” என்று சொல்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவைப்பார்கள். காபி மண்ணாக ருசிக்கும். எச்சில் பசைபோல் கெட்டியாகும். நாக்கிலும் கன்னத்திலும் புண், கழுத்துத் தோலில் கருமை. வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தும் ஏற்றினால் குமட்டல் கூடச் சேரும். ஐந்தாம், ஆறாம் வாரம்தான் மிகவும் கடினம். மிளகாயும் புளியும் அறவே ஆகாது. குழைய வேகவைத்து மசித்த சாதம், ராகிக்கூழ், மோர், அரைவேக்காடு இல்லாமல் வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை இறக்க வேண்டும். முடியாதபோது மூக்கு வழியாகக் குழாய். குழாய் போட்டால் முடிந்தது கதை என்று குடும்பத்தார் அழுவதுண்டு. எடை இறங்காமல் சிகிச்சையை முடிக்கவைப்பதே அந்தக் குழாய்தான். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிப்பது சாதாரண விஷயமாகத் தெரியும். பலருக்கு நாளை ஓட்டவைப்பது அதுதான். தாடை இறுகாமலிருக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்கொரு குச்சி கூட்டப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. கழுத்தில் சோப்பு, பவுடர், சென்ட், காலர் வைத்த சட்டை எதுவும் வேண்டாம்.

வாரம் ஒருநாள் ரிவ்யூ. எடையும் ரத்தமும் பார்ப்பார்கள். வலியைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று மறைப்பவர்கள், கடைசியில் தாங்க முடியாமல் தாங்களே ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் தலை-கழுத்துப் புற்றில் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகுவதே காரணம். மெஷின் பழுதானாலோ பொங்கல் லீவு வந்தாலோ சனிக்கிழமை வரச்சொல்வதும், ஆறு மணி நேரம் விட்டு ஒரே நாளில் இரண்டு முறை கொடுப்பதும் இதனால்தான். நோயாளி தானாக விட்டுவிடும் நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: பஸ் காசு, கூடவரும் மகனின் கூலி, தங்க இடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கதிர்வீச்சுச் செலவை ஏற்கிறது. ஏழு வாரம் வெளியூரில் கிடக்கும் செலவு குடும்பத்தின் தலையில்தான்.

கடைசி நாளோடு புண் நின்றுவிடாது. அடுத்த ஓரிரு வாரம் இன்னும் கூடி, பிறகே ஆறத் தொடங்கும். ருசி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். எச்சில் பலருக்குப் பழையபடி ஊறுவதில்லை. கட்டி போய்விட்டதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனை உடனே எடுப்பதில்லை. வெந்த திசுவும் அதில் புற்றைப் போலவே ஒளிரும் என்பதால், 12 வாரம் கழித்து வரச்சொல்லிச் சீட்டில் தேதி எழுதித் தருகிறார்கள்.