விதைக்குக் காசு வேண்டாம், மனம் வேண்டும்

(சிக்கனத் தோட்டம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



தொலைக்காட்சியில் வேலை செய்பவள் என்ற முறையில், 'இலவசம்' என்ற சொல்லுக்கு இருக்கும் ஈர்ப்பு எனக்கு நன்றாகவே தெரியும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று விளம்பரம் வந்தால், தேவையில்லாத பொருளையும் வாங்கி வந்துவிடுகிறோம். தோட்டம் போடுவதிலும் இதே கதைதான். ஆசையோடு கடைக்குப் போய்ப் பூச்சட்டி, மண் மூட்டை, உரம், விதைப் பொட்டலம் என்று நூறு வெள்ளிக்குக் குறையாமல் செலவு செய்கிறோம். இரண்டு மாதம் கழித்துப் பறிப்பது இரண்டு கைப்பிடிக் கீரை! "இதற்குச் சந்தையிலேயே வாங்கியிருக்கலாமே" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்ல, சட்டிகள் மூலைக்குப் போய்விடுகின்றன.

உண்மையில் ஒரு சிறிய காய்கறித் தோட்டத்துக்கு வேண்டிய முக்கால்வாசிப் பொருள்கள் நம் சமையலறையிலும், பக்கத்துச் சந்தையிலும், குப்பைத் தொட்டி அருகிலும் கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை எடுக்கக்கூடாது என்ற விவரம் மட்டும்தான் நமக்கு வேண்டும். அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

அஞ்சறைப் பெட்டியே விதைக் கடை

முதலில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெந்தயம், கடுகு, முழுக் கொத்தமல்லி மூன்றும் விதைகள்தாமே! வெந்தயத்தை ஓர் இரவு ஊற வைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். மூன்று வாரத்தில் கீரையாகப் பறிக்கலாம். புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கொத்தமல்லிக்குக் கொஞ்சம் பக்குவம் தேவை. நாம் விதை என்று நினைக்கும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஊற வைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நம் நாட்டு வெயிலில் அது சீக்கிரமே பூத்துவிடும் என்பதால் அரை நிழலில் வைப்பது நல்லது. கடைக் கொத்தமல்லி சமையலுக்காகக் காய வைக்கப்பட்டது. சில பொட்டலங்கள் முளைக்காமலும் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். வேறு கடையில் வாங்கியதைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சந்தைப் பை. புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை எறிகிறோம். அந்தத் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வேர் விடும். செராய், காங்கோங், பொன்னாங்கண்ணி, பசலை எல்லாமே தண்டிலிருந்து வளர்பவை. முளைவிட்ட இஞ்சி, மஞ்சள், லெங்குவாஸ், பூண்டுப் பல் எதையும் எறிய வேண்டியதில்லை. சக்கரவள்ளிக் கிழங்கை ஈரமண்ணில் பாதி புதைத்து வைத்தால் கொடி வரும். அந்தக் கொடியை வெட்டி நட்டால் கிழங்கும் கிடைக்கும், கீரையும் கிடைக்கும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிடைக்காத காலத்தில், மலாயாவில் பல குடும்பங்களைக் காப்பாற்றியவை இந்தச் சக்கரவள்ளியும் மரவள்ளியும்தான். மரவள்ளிக்கு விதைகூட வேண்டாம். ஒரு சாண் குச்சி போதும்.

எல்லாக் காயிலும் விதை எடுக்க முடியாது

பலர் ஏமாந்து போவது இங்கேதான். சந்தையில் வாங்கிய வெண்டைக்காயிலும் கத்தரிக்காயிலும் விதை எடுத்துப் போடுகிறார்கள், ஒன்றும் முளைப்பதில்லை. காரணம் எளிமையானது. அந்தக் காய்களை நாம் பிஞ்சாகச் சாப்பிடுகிறோம். தாயின் வயிற்றில் முழுமையாக வளராத குழந்தையைப் போல, உள்ளே இருக்கும் விதை இன்னும் முற்றவில்லை. பழுத்துச் சிவந்த மிளகாய், பரங்கிக்காய், பப்பாளி, தக்காளி இவற்றின் விதை முற்றியிருக்கும், அவை முளைக்கும்.

முளைத்தால் மட்டும் போதுமா? கடையில் வரும் தக்காளி, குடைமிளகாய் போன்றவை பெரும்பாலும் ஒட்டுக் கலப்பில் வந்த வீரிய ரகங்கள். விதைப் பொட்டலத்தில் 'எஃப்1' என்று போட்டிருப்பது இதைத்தான். இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அதன் விதையை எடுத்து நட்டால், பிள்ளைகள் தாயைப் போல இருப்பதில்லை. ஒன்று குட்டையாகும், ஒன்று காய்க்காமல் போகும். அதிலும் நம் சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி கேமரன் மலையில் விளைவது. கீழ்ப்பகுதியின் இரவு வெப்பத்தில் செடி வளரும், பூவும் பூக்கும். ஆனால் பிஞ்சு பிடிக்காமல் பூ உதிர்ந்துவிடும்.

ஆகவே முதல் ஆண்டில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய மிளகாய், கத்தரி, வெண்டை, நீட்டுப் பயற்றங்காய், பாகற்காய், முளைக்கீரை இவற்றின் நாட்டு ரக விதைகளைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் போதும். அதற்குப் பிறகு நீங்களே விதைக்குச் சொந்தக்காரர்.

நல்ல காய் விதைக்கு

விதை எடுப்பதில் ஒரு விதி உண்டு. நம்மில் பலருக்கு இது கசக்கும். முதல் தரமான காயைச் சமைத்துவிட்டு, பூச்சி அரித்ததையும் சொத்தையையும் விதைக்கு விடுகிறோம். தலைகீழாகச் செய்ய வேண்டும். தோட்டத்திலேயே திடமான செடியைப் பார்த்து, அதில் நல்ல காய் இரண்டு மூன்றில் கயிற்றைக் கட்டி, 'இது விதைக்கு' என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஆசையாக இருந்தாலும் பறிக்கக்கூடாது.

வெண்டையும் பயற்றங்காயும் செடியிலேயே காய்ந்து பழுப்பாக வேண்டும். கத்தரி மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். பாகற்காய் ஆரஞ்சு நிறமாகிப் பிளக்கும் நேரத்தில் எடுத்து, விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையைக் கழுவ வேண்டும். தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான உறை இருக்கும். அதைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற விட்டுக் கழுவினால் உறை கழன்றுவிடும்.

பயற்றங்காய் தன் பூவிலேயே தானாகக் கருவுறும் என்பதால் ரகம் மாறாது. விதை சேகரிக்கப் பழகுபவர்களுக்கு ஏற்றது. பரங்கி, பீர்க்கு, சுரை போன்றவற்றில் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அப்படிக் கலந்த விதையில் வந்த சுரைக்காயோ பரங்கிக்காயோ வாயில் வைத்ததும் கடுமையாகக் கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. சமைத்தாலும் போகாது.

காய வைத்தால் ஆயுள் கூடும்

நம் நாட்டில் விதைக்கு முதல் எதிரி ஈரக்காற்று. விதை நூல்களில் ஒரு பொதுவான கணக்குச் சொல்வார்கள்: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும், வெப்பம் சுமார் 5 பாகை குறைந்தாலும் இரு மடங்காகும். நம் பாட்டிமார் விதையில் அடுப்புச் சாம்பலைப் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்து வைத்தது இதற்காகத்தான். சாம்பல் ஈரத்தை இழுக்கும், வண்டையும் அண்டவிடாது.

இன்று நம் வீட்டில் விறகடுப்பு இல்லை. அதனால் என்ன? விதையை நிழலில், காகிதத்தின்மேல் ஒரு வாரம் காய விடுங்கள். மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, காலணிப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை உள்ளே வையுங்கள். அது இல்லையென்றால் நன்றாக வறுத்து ஆற வைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடலாம். பெயரும் தேதியும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள்.

மா, பலா, ரம்புத்தான், டுரியான், கறிவேப்பிலை இவற்றின் விதைகளுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. காய வைத்தால் அவை செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்ததும் நட வேண்டும்.

பழைய விதை முளைக்குமா என்று சந்தேகமா? பத்து விதைகளை ஈரத் தாளில் சுருட்டி வையுங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. நான்கு முளைத்தால் இரு மடங்கு விதையுங்கள். இரண்டுக்கும் குறைந்தால் அதோடு மல்லாட வேண்டாம்.

தொட்டியும் உரமும்

5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தல், பழக்கடையில் வீசும் வெள்ளை நுரைப் பெட்டி, ஓட்டை விழுந்த வாளி எல்லாமே தொட்டிதான். அடியில் தண்ணீர் வடியத் துளை போடுங்கள். கீரைக்கு 15 செண்டிமீட்டர் ஆழம் போதும். கத்தரி, மிளகாய்க்கு அதைப் போல இரு மடங்கு வேண்டும்.

தேங்காய்ப்பால் பிழியும் கடையில் மட்டை கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். நாரைப் பிரித்து, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி ஊற வைத்து, உப்பும் துவர்ப்பும் போன பிறகு மண்ணோடு கலக்கலாம். மாமாக் கடையில் வடிகட்டிய தேத்தூளும் அப்படியே கிடைக்கும். அதைச் செடியைச் சுற்றிக் கெட்டியாகக் கொட்டாமல் மக்க வைத்துப் போடுங்கள். காய்ந்த இலை மூன்று வாளிக்குக் காய்கறிக் கழிவு ஒரு வாளி என்ற கணக்கில் சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு உரம் தயார். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைச் சேருங்கள். அதில் மீன், இறைச்சிக் கழிவைப் போட்டால் எலி வரும். ஆடு வளர்ப்பவர்களைத் தெரிந்திருந்தால் புழுக்கை கேளுங்கள், ஆனால் மக்கிய பிறகே போடுங்கள். உப்புச் சேராத அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றலாம். முட்டை ஓடு நல்லதுதான். ஆனால் கரைய நெடுநாள் ஆகும் என்பதால் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

சும்மா கொடுத்தாலும் வேண்டாம்

சில பொருள்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது. பூச்சிமருந்து, எஞ்சின் எண்ணெய், சாயம் இருந்த கலன்களில் உண்ணும் செடி வளர்க்காதீர்கள். சாயம் பூசியதுபோல் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும் விதைகள் மருந்து கலந்தவை; விதைக்கலாம், சமைக்கவோ குழந்தைகள் கையில் கொடுக்கவோ கூடாது.

இன்னொன்று, தமிழ்நாட்டுக்குப் போய் வரும் உறவினர்கள் பையில் முடிந்து வரும் முருங்கை விதையும் அவரை விதையும். அன்போடுதான் கொண்டு வருகிறார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் விதையோ செடியோ கொண்டு வருவது 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி குற்றம். ஒரு பிடி விதையோடு வரும் நோய், ஒரு மாவட்டத்தின் விவசாயத்தையே பாதிக்கலாம்.

சேகரித்து வைத்த டப்பாக்களும் ஆபத்துதான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். பயன்படுத்தாத கலன்களைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் கொசுப் புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரியது டெங்கிக் காய்ச்சல். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது; கீழே நடப்பது நம் பிள்ளைகள்.

கொடுத்தால்தான் வரும்

1974-இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் 'பசுமைப் புத்தகத் திட்டம்' வந்தபோது, காலியாகக் கிடக்கும் நிலத்தில் பயிரிடுங்கள் என்று அரசாங்கம் மக்களை ஊக்குவித்தது. தோட்டப்புற மக்களுக்கு அது புதிதல்ல. லயத்து வீட்டின் பின்புறம் அவரைப் பந்தலும் முருங்கை மரமும் ஏற்கெனவே இருந்தன. பின்னர் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறின. மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். சாமிப் படமும் அலமாரியும் கூடவே வந்தன. அவரை விதை பல வீடுகளில் வராமலே போய்விட்டது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, பலர் தொட்டியைத் தேடினார்கள். அப்போதுதான் விதை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வந்தது.

விதை, நகையைப் போலப் பூட்டி வைக்கும் பொருள் அல்ல. விதைக்காமல் வைத்தால் சில ஆண்டுகளில் செத்துவிடும். ஒரே வீட்டில் மட்டும் இருக்கும் விதை, அந்த வீட்டுப் பாட்டியோடு போய்விடும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, நாலு வீட்டுக்குக் கொடுத்து வைப்பதுதான். நம் வீட்டில் அழிந்தாலும் பக்கத்து வீட்டில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2004-இல் இயற்றப்பட்ட புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம்கூட, சிறு விவசாயிகள் தங்களுக்குள் நியாயமான அளவில் விதை பரிமாறிக்கொள்ள இடம் வைத்தது.

எனவே ஒரு வேண்டுகோள். யாரிடமாவது பத்து விதை வாங்கினால், அறுவடைக்குப் பிறகு இருபதாகத் திருப்பிக் கொடுங்கள். கோயில் திருவிழாவிலோ, குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்திலோ, தமிழ்ப்பள்ளியிலோ ஒரு மேசை போட்டு, பழைய காகித உறைகளில் பெயர் எழுதி விதைகளை வைக்கலாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் சீன ஆன்ட்டிக்கும் கொடுங்கள்; அவர்களிடம் நமக்குத் தெரியாத கீரை இருக்கும். பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளை விட்டு இன்றே கேட்கச் சொல்லுங்கள்: "அந்தக் காலத்தில் என்ன விதை வைத்திருந்தீர்கள்? எப்படிக் காய வைத்தீர்கள்?" என்று.

இந்த வாரமே ஒரு பிடி வெந்தயத்தை ஊற வையுங்கள். முளைத்ததும் மற்றவை தானாக நடக்கும்.