தீ தப்பினால் அத்தர் தப்பும்

தெர்மாமீட்டர் இல்லை, பிரஷர் மீட்டர் இல்லை. கன்னோஜின் அத்தர் பட்டறைகளில் அடுப்பின் சூட்டைக் கணிப்பது கையும் காதும்தான்.

பழைய தில்லியில் சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் தரீபா கலான், நகைக்கடைகளுக்குப் பெயர்போன வீதி. வெள்ளிக்குப் பேரம் பேசிக்கொண்டு நடப்பவர்களை ஒரு கடை மூக்கைப் பிடித்து நிறுத்துகிறது: 1816-ல் தொடங்கப்பட்ட குலாப் சிங் ஜோஹரிமல் அத்தர் கடை. இந்த வியாபாரத்தில் ரோஜா, மல்லிகை, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாமே குப்பிக்குள் அடக்கம். மழை பட்ட மண்ணின் வாசனைகூட உண்டு. வாடிக்கையாளர்கள் பொதுவாகக் கேட்பது என்ன பூ, என்ன விலை என்றுதான். எப்படிப்பட்ட தீயில் வடித்தது என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் சரக்கின் தரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பதில் தில்லியிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில், உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் கிடைக்கும். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் தலைநகராக இருந்த ஊர். இப்போது அத்தரின் தலைநகர்.

கருவி எளிமையானது. செங்கல் அடுப்பின் மேல் 'தேக்' என்ற பெரிய செப்புப் பானை. அதில் பூவும் தண்ணீரும். மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் சேர்த்துப் பூச்சு. பானையிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற நீள்கழுத்துச் செப்புக் குடத்துக்குப் போகிறது. குடத்தில் சந்தன எண்ணெய். மணத்தைச் சுமந்து வரும் ஆவி அங்கே குளிர்ந்து நீராகிறது. மணத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. அடுப்புக்கு விறகும் வறட்டியும்.

கஷ்டமெல்லாம் தீயில்தான். தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை. ஆவிதான் வேகமாகக் கிளம்பும். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பம், 54 லிட்டர் தண்ணீரைப் 10 டிகிரி சூடாக்கப் போதுமானது. அவ்வளவையும் அந்தச் சிறிய தொட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். தீ மிஞ்சினால் தொட்டி சூடாகிவிடும். குளிராத ஆவி களிமண் பூச்சின் இடுக்கு வழியே காற்றில் போய்விடும். போவது வெறும் ஆவியல்ல, காசு. பானையின் அடியில் ஒட்டிய பூ தீய்ந்தால் முழு ஈடும் கருகல் வாடை அடிக்கும். தீ குறைந்தாலோ, மணம் பூவை விட்டுக் கிளம்பாது.

இதைச் சமாளிப்பவர் அடுப்படியில் நிற்கும் தொழிலாளி. தண்ணீருக்குள் கைவிட்டுப் பப்காவைத் தடவி, அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பானைக்குள் கேட்கும் சத்தத்தை வைத்து விறகை உள்ளே தள்ளுவார் அல்லது வெளியே இழுப்பார். விறகை இழுத்தாலும் செங்கல்லில் ஏறிய சூடு உடனே இறங்காது. ஆகவே குடத்தை மாற்றும் நேரத்தில் பானையின் மேல் ஈரத்துணி போட்டு ஆவியை அடக்குவார். கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் முடிகிற காரியம், இங்கே சில நிமிடங்கள் முன்கூட்டியே யோசித்துச் செய்யப்பட வேண்டும்.

தமிழருக்கு இது புதிதல்ல. நம் சித்த மருத்துவத்தில் 'வாலை' என்பது வடிகருவி. அதில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, கதலியாக்கினி, காடாக்கினி என்று தரம் பிரித்தார்கள். விளக்குச் சுடர், தாமரை, வாழைப்பூ என்று தீயின் உருவமே அளவுகோல். புடம் போடும்போதோ ஒரு வறட்டியிலிருந்து ஆயிரம் வறட்டி வரை எண்ணிக்கையே கணக்கு. டிகிரி பிறக்காத காலத்தில், பார்த்ததும் புரிகிற அளவுக்குப் பெயர் வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

கன்னோஜின் தொழிலாளிக்கு இப்போது நெருக்கடி பல பக்கம். சந்தனம் விலையேறி அரிதாகிவிட்டது. 1998-ல் அது அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய மரங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தது. சந்தன எண்ணெய்க்குப் பதிலாகப் பலர் திரவ பாரஃபின் போன்ற மலிவு சரக்குகளுக்குத் தாவினார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கலன்களும் நீராவிக் கொதிகலன்களும் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டன. 1991-ல் கன்னோஜில் மத்திய அரசின் நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் அமைந்தது. கன்னோஜ் அத்தருக்கு 2014-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

புகையில் கண்ணெரிய நிற்பவருக்கு நீராவி வால்வு வரப்பிரசாதம்; அதை வேண்டாம் என்று சொல்ல வெளியூர்க்காரர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் எந்தப் பூவுக்கு எவ்வளவு வால்வைத் திறப்பது, எப்போது மூடுவது என்பது இயந்திரத்தோடு சேர்ந்து வருவதில்லை. அது அந்தத் தொழிலாளியின் கையிலும் காதிலும் இருக்கிறது. புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். தீயைப் பற்றிய கணக்கைக் காப்பாற்ற வேண்டுமானால், அதை அறிந்தவர்களை உட்காரவைத்து, பூ வாரியாக எழுதி வாங்க வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். சித்தர்கள் தீக்குப் பெயர் வைத்தார்கள். கன்னோஜின் தீ இன்னும் பெயரில்லாமல்தான் எரிகிறது.