வீட்டின் கார்பன் தடம்

ஒரு குடும்பத்தின் அன்றாடப் பயன்பாட்டால் வளிமண்டலத்தில் சேரும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவு, அக்குடும்பத்தின் கார்பன் தடம் எனப்படும். இது கார்பன் டை ஆக்சைடின் எடையில் கணக்கிடப்படுகிறது.

சமையல் எரிவாயு: வீட்டுச் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ எரிவாயு உள்ளது. அது முழுவதும் எரியும்போது ஏறத்தாழ 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. எரிவாயுவிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதால்தான் எடை கூடுகிறது. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும்.

மின்சாரம்: இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 75 வாட் மின்விசிறி 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட் செலவாகும். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறிக்கு 0.36 யூனிட் போதும். 60 நாட்களில் மிச்சம் 32 யூனிட். தடத்தில் குறைவது சுமார் 22 கிலோ. இரண்டு மின்விசிறிகளை மாற்றினால், ஒரு சிலிண்டர் எரிவதால் வெளியாகும் அளவு குறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின் அளவீடு எடுக்கப்படுகிறது. அந்த யூனிட் கணக்கையும், சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பதையும் குறித்துவைத்தால், மாணவர்களே தம் வீட்டுத் தடத்தைக் கணக்கிடலாம். அளந்து பார்த்தால்தான் எதைக் குறைப்பது என்பது தெரியும்.