கல்லீரலைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழி
வயிற்றைக் கிழிக்காமல் குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை

காட்டில் வெட்டிச் சேர்த்த ரப்பர்ப் பால் நேரே சந்தைக்குச் செல்வதில்லை என்பதனை நம் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அஃது ஆலையை அடைந்து, வடிகட்டப்பட்டு, கசடு நீங்கிய பின்னரே பயன்படும் பொருளாகின்றது. நம் உடலிலும் அத்தகைய ஆலை ஒன்று உண்டு. அதுவே கல்லீரல். நாம் உண்ட உணவின் சத்தினைக் குடலிலிருந்து ஏற்றி வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குள் சென்று, அங்கே நச்சுப் பொருள்கள் நீக்கப்பட்ட பின்னரே இருதயத்தை அடைய வேண்டும். இஃது இயற்கை வகுத்த முறையாகும்.

ஆனால், மிகச் சில குழந்தைகள் இம்முறைக்கு மாறான இரத்தக் குழாய் ஒன்றுடன் பிறக்கின்றன. அக்குழாய், கல்லீரலை ஒதுக்கிவிட்டு இரத்தத்தைக் குறுக்கு வழியாக இருதயத்தின் பக்கம் கொண்டு சென்றுவிடுகின்றது. ஏறக்குறைய 30,000 பிறப்புகளுக்கு ஒன்று என மருத்துவர்கள் மதிப்பிடும் அரிய குறை இது. எனினும் இதனைப் பற்றி நாம் அறிந்திருத்தல் நலம். காலத்தில் கண்டறிந்தால் பல குழந்தைகளை வயிற்றைக் கிழிக்காமலே குணப்படுத்த முடிகின்றது. கவனியாது விட்டாலோ மூளையும் நுரையீரலும் பாதிக்கப்படலாம்.

குறுக்கு வழி உண்டாவது எவ்வாறு?

கல்லீரலுக்கு இரு வழிகளில் இரத்தம் வருகின்றது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் 'போர்ட்டல்' குழாயின் வழியே வருவதாகும். எஞ்சியதை இருதயத்திலிருந்து வரும் தமனி கொண்டு வருகின்றது.

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் இரத்தத்தைத் தூய்மைப்படுத்தும் வேலையைத் தாயின் உடலே செய்துவிடுகின்றது. ஆதலால், தொப்புள்கொடி வழியே வரும் இரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் நுழையாமல் செல்வதற்கு இயற்கையே ஒரு சிறு குழாயை அமைத்துள்ளது. குழந்தை பிறந்த சில நாள்களில், அல்லது சில வாரங்களில், அக்குழாய் தானே மூடிக்கொள்ளும். சிலருக்கு அது மூடாமலே இருந்துவிடுகின்றது. வேறு சிலருக்கு, கரு வளரும் காலத்தில் மறைந்திருக்க வேண்டிய வேறொரு குழாய் கல்லீரலின் உள்ளேயோ வெளியேயோ நிலைத்துவிடுகின்றது.

இலண்டன் மாநகரின் அறுவை மருத்துவர் ஜான் அபர்னெதி என்பவர், இறந்துபோன 10 மாதக் குழந்தை ஒன்றின் உடலில் இத்தகைய குழாயைக் கண்டு 1793ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆகவே, இது புதிய நோயன்று. திருஷ்டியோ, கிரகணமோ, தாய் உண்ட உணவோ இதற்குக் காரணமென்று சொல்லிப் பெற்றவளை நோகச் செய்தல் அறியாமையாகும்.

அம்மோனியா செய்யும் கேடு

பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியாவின் நெடியை நாம் அறிவோம். நம் குடலிலும், புரதச் சத்து சிதையும்போது அம்மோனியா உண்டாகின்றது. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்ற, அது சிறுநீரில் வெளியேறிவிடுகின்றது. குறுக்கு வழி இருக்குமாயின், மாற்றப்படாத அம்மோனியா மூளைக்குச் செல்லும். அதனால் சோர்வு, தூக்கக் கலக்கம், கவனமின்மை, படிப்பில் பின்னடைவு, காரணமற்ற கோபம் ஆகியன தோன்றலாம்.

நுரையீரலும் பாதிக்கப்படலாம். சிலருக்கு இரத்தத்தில் பிராண வாயு குறைந்து, உதடும் விரல் நுனியும் நீலம் பாரிக்கின்றன. வேறு சிலருக்கு நுரையீரல் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, ஓடியாடும்போது மூச்சுத் திணறலும் மயக்கமும் உண்டாகின்றன. கல்லீரலில் கட்டிகள் தோன்றுவதும் உண்டு.

"மந்தமான பிள்ளை", "சோம்பேறி" என்று வீட்டிலும் பள்ளியிலும் ஏச்சு வாங்கும் ஒரு குழந்தையிடம் இந்நோய் மறைந்திருக்கக் கூடும். இவ்வறிகுறிகளுக்கு இரத்தச் சோகை, இருதயக் கோளாறு முதலான வேறு காரணங்களே பெரும்பாலும் இருக்கும் என்பதும் உண்மையே. எது காரணம் என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. குழந்தையை அவரிடம் கொண்டு செல்வது நமது கடமை.

கண்டறியும் வழி

இரத்தத்தில் அம்மோனியாவின் அளவைச் சோதிப்பதும், ஒலி அலைக் கருவியால் வயிற்றைப் பார்ப்பதும் முதற்படிகளாகும். ஒலி அலைச் சோதனையில் வலி இல்லை, ஊசியும் இல்லை. இரத்தம் எத்திசையில் ஓடுகின்றது என்பதனையும் அக்கருவி காட்டிவிடும். ஐயம் இருப்பின், 'ஸ்கேன்' படம் எடுத்துக் குழாய்களின் அமைப்பை மருத்துவர்கள் தெளிவாகக் காண்பர்.

கல்லீரலின் உள்ளேயே இருக்கும் சிறிய குறுக்குக் குழாய்கள் சில, குழந்தைக்கு ஒரு வயது, இரண்டு வயது ஆவதற்குள் தாமே மூடிக்கொள்வதுண்டு. ஆதலால், நலமாக இருக்கும் கைக்குழந்தைக்கு மருத்துவர் உடனே சிகிச்சை செய்யாமல், "அடிக்கடி கொண்டு வந்து காட்டுங்கள்" என்று கூறலாம். அது புறக்கணிப்பன்று. அவர் குறித்த நாளில் தவறாது செல்ல வேண்டும்.

குழாய்ச் சிகிச்சை

சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் என்பவர் 1953இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். இரத்தக் குழாயினுள் ஓர் ஊசியைச் செலுத்தி, அதன் துளை வழியே மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, பின்னர் ஊசியை உருவிவிட வேண்டும். அக்கம்பியின் மேலாகவே 'கத்தீட்டர்' எனும் வளையத்தக்க குழாயைச் செலுத்தலாம். பெரிய வெட்டுக் காயமின்றி உடலின் உட்பகுதியை அடைவதற்கு இம்முறையே வழி திறந்தது.

சிகிச்சையின்போது குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கப்படும். கழுத்து அல்லது தொடை இடுக்கிலுள்ள இரத்தக் குழாய் வழியே கத்தீட்டர் செலுத்தப்படும். மருந்துச் சாயத்தைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மருத்துவர் குறுக்கு வழியை அடைவார். பின்னர், கத்தீட்டரினுள் சுருக்கி வைத்த உலோக வலை அடைப்பான் ஒன்றை அங்கே வெளியே தள்ளுவார். அது விரிந்து குழாயினுள் இறுகப் பொருந்திக்கொள்ளும். அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபடும். சிறிய குழாய்களுக்குச் சுருள் கம்பிகள் பயன்படுவதுண்டு.

முதலில் ஒரு சோதனை

நெடுநாள் நீர் ஓடாத வடிகாலில் மண் தூர்ந்திருக்கும். புதிய வழியைத் திடீரென அடைத்து, முழு வெள்ளத்தையும் பழைய வடிகாலில் திருப்பினால் கரை உடையும். இரத்தக் குழாயும் அவ்வாறே. பிறந்தது முதல் போதிய இரத்தம் செல்லாமையால், கல்லீரலினுள் இருக்கும் போர்ட்டல் கிளைகள் நூல்போல் மெலிந்திருக்கக் கூடும்.

எனவே, மருத்துவர்கள் ஒரு சிறு பலூனை ஊதிக் குறுக்கு வழியைத் தற்காலிகமாக அடைத்து, இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகின்றது என்று அளந்து பார்ப்பர். அழுத்தம் அளவுக்குள் இருந்தால் அடைப்பான் பொருத்துவர். மிகுந்தால், முதலில் வழியைச் சுருக்கி, கல்லீரற் குழாய்கள் பெருத்த பின்னர் முழுதும் அடைப்பர். சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். மிகச் சிலருக்குக் கல்லீரல் மாற்றமே வழியாகும்.

இரத்தக் கட்டி அடைத்தல், அடைப்பான் இடம் பெயர்தல் போன்ற ஆபத்துகள் இச்சிகிச்சையிலும் உண்டு. ஆகையால், அதன் பின்னரும் சோதனைகள் தொடர வேண்டும். வெற்றி பெற்றால் அம்மோனியா குறையும். பிராண வாயுக் குறைவு சில மாதங்களில் சீராகும். ஆனால், நுரையீரல் அழுத்தம் முற்றிவிட்டால் அது முழுதும் மாறாமல் போகலாம். காலம் கடத்தலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

பெற்றோர் செய்ய வேண்டுவது

பிறந்து 14 நாள்களுக்குப் பின்னும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை நீடித்தாலும், எந்த வயதிலாயினும் உதடு நீலம் பாரித்தல், மூச்சுத் திணறல், மயக்கம், காரணம் தெரியாத தூக்கக் கலக்கம் ஆகியவற்றைக் கண்டாலும், உடனே அரசாங்கக் கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதனால் பயனில்லை. பிறவியில் அமைந்த குழாயை எந்த மூலிகையும் அடைக்காது.

இச்சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் நடைபெறுவதன்று. பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஒருநாள் கூலி போகுமே என்று தயங்க வேண்டா. ஐயங்களைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மொழி தடையாயின், மலாய் நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளையின் சோர்வைக் கண்டு சினந்துகொள்ளும் முன், அதன் உதட்டையும் விரல் நுனியையும் ஒருமுறை உற்று நோக்குவோமாக. அந்த ஒரு பார்வை, ஒரு குழந்தையின் வாழ்வைக் காக்கும் முதற்படியாக அமையக் கூடும்.