முயலகனும் குவீன் ஸ்கொயரும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சிற்பி ஒருவன் வார்த்த நடராஜத் திருமேனியின் முன் நிற்கிறவர்கள், வீசிய கரத்தையும் எடுத்த பொற்பாதத்தையும் கண்டு வியந்து நகர்ந்துவிடுகிறார்கள். என் கண்ணோ, ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் சிறிய உருவத்திலேயே தங்கிவிட்டது. முயலகன் என்று தமிழும் அபஸ்மாரன் என்று வடமொழியும் அவனுக்கு இட்ட பெயர்கள் வலிப்பு நோய்க்கும் உரியவை. கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகள் முயலகனால் பீடிக்கப்பட்டு உணர்வற்றுக் கிடக்க, தகப்பன் செய்வதறியாது அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுபோய்க் கிடத்த, ஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். அந்தப் பெண்ணிடம் காட்டிய கருணையை மறந்து, அவளைப் பிடித்த பூதத்தை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோமே என்ற துக்கம் அன்று என்னை விட்டு அகலவில்லை.

மியூசியத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் குவீன் ஸ்கொயர் என்ற அமைதியான சதுக்கம். பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்ட ஜோஹன்னா, லூயிசா சாண்ட்லர் என்ற சகோதரிகள், அந்தப் பாட்டி பக்கவாதத்தில் விழுந்தபோது, இத்தகைய நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரி அந்த மகாநகரத்தில் இல்லை என்பதை அநுபவத்தால் அறிந்தார்கள். சிப்பிகளையும் மணிகளையும் கோத்து அலங்காரப் பொருள்கள் செய்து விற்று 200 பவுன் சேர்த்தார்கள். லண்டன் மேயரின் ஆதரவையும் பெற்றார்கள். அவர்களுடைய பிரயத்தனத்தால், பக்கவாதத்துக்கும் வலிப்புக்குமென்றே ஓர் ஆஸ்பத்திரி 1860-இல் அங்கே திறக்கப்பட்டது. மூளை வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற அந்த ஸ்தாபனத்துக்கு மூலதனம், சிப்பி கோத்த இரு பெண்களின் கைவேலைதான்.

அங்கே பணிபுரிந்த வைத்தியர் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன், கட்டை விரலிலோ வாயோரத்திலோ தொடங்கி உடம்பின் ஒரு பக்கமாகப் படிப்படியாகப் பரவும் வலிப்பைப் பல்லாண்டு பொறுமையுடன் கவனித்து, மூளையின் ஓரிடத்தில் திடீரென அளவு மீறி எழும் சக்தி வெளிப்பாடே இந்நோய் என்று 1870-களில் விளக்கினார். 1876-இல் காலமான அவர் மனைவி எலிசபெத்துக்கும் இதே விதமான வலிப்பு இருந்தது என்பதை அறியும்போது, அந்தப் பொறுமையின் விலை நமக்குப் புலப்படுகிறது.

காரணம் விளங்கிவிட்டது, ஆனால் அவமானம் போகவில்லை. என் சிறு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பெண் திடீரெனச் சாய்ந்தாள். ஒருவர் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையே கரண்டிக் காம்பை நுழைக்கப்போய் உதட்டைக் கிழித்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் வலிப்பு தானே அடங்கிற்று. பதறி ஓடிவந்த தாயோ, மகளின் உதட்டைத் துடைக்குமுன், அவளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் பந்தியில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தாயின் அச்சத்துக்குச் சட்டமே துணைநின்றது. விவாகத்தின்போது வலிப்பு இருந்தால் அந்த விவாகத்தை ரத்துச் செய்யலாம் என்று 1937-இல் விதித்த பிரிட்டன், 1971-இல் அவ்விதியை நீக்கியது. நாமோ, அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1976-இல் இந்து விவாகச் சட்டத்தில் அதே தடையைப் புதிதாகச் சேர்த்தோம். 1999-இல்தான் அதை எடுத்தோம். அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் எத்தனை பெண்கள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து வாழ்ந்திருப்பார்கள்!

1909-இல் புடாபெஸ்டில் வைத்தியர்கள் கூடித் தொடங்கிய சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கமும், நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் பேசுவதற்கென 1961-இல் தோன்றிய சர்வதேச வலிப்பு அமைப்பும், உலக சுகாதார ஸ்தாபனத்தோடு கைகோத்து, இந்நோயை மறைவிலிருந்து வெளிச்சத்துக்குக் கொணரும் இயக்கத்தை 1997-இல் ஆரம்பித்தன. 2022-இல் உலக நாடுகள் பத்தாண்டுச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. ஆயினும் உலகில் இந்நோயுடன் வாழும் சுமார் 5 கோடிப் பேரில் 80 சதவீதத்தினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள். மிக ஏழையான நாடுகளில் நான்கில் மூவருக்குத் தக்க சிகிச்சை கிட்டுவதில்லை. தக்க சிகிச்சை பெற்றால் 70 சதவீதத்தினர் வரை வலிப்பின்றி வாழலாம். அதற்கான பழைய மருந்தொன்றின் விலையோ ஆண்டுக்கு 5 டாலர் அளவுதான்.

வாசக அன்பர்களே, உங்கள் கண்ணெதிரே ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். அவரைப் பிடித்து அழுத்தாதீர்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஒரு துணியை வையுங்கள். வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். அவர் கண் திறக்கும்போது பக்கத்தில் இருங்கள்.